ஐந்தாவது போர்டு

சின்ன காஞ்சிபுரத்தில் சூடாமணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அந்த மாமிக்கு இருப்பே கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் ஆடும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவளின் மண்ணெண்ணெய் கேன் மேல் தாளம் போடுவாள். அவள் திரும்பி முறைத்தால் 'மன்னிச்சுக்கோம்மா' என்று கையை இழுத்துக்கொண்டு, அடுத்த நிமிஷம் தன் கன்னத்திலேயே தட்ட ஆரம்பிப்பாள்.

பள்ளிக்கூடம் ஒன்றில் காலைப் பிரார்த்தனைக்கு ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவளை மேடைக்கு இழுத்து வந்தவர் அர்ஜுனன். அவர் பாடகர், மெல்லிசைக் குழு ஒன்றின் முதலாளி. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் என்று வருஷம் பூராவும் கச்சேரி. 1988இல் அவருடைய கீபோர்டுக்காரர் துபாய்க்குப் போய்விட்டார். வேறு ஆள் அகப்படாமல் அர்ஜுனன் சூடாமணி வீட்டு வாசலில் வந்து நின்றார். தெரு வாயைப் பிளந்தது. ஐயங்கார் வீட்டு மாட்டுப்பெண் ஆம்பிளைகளோடு மேடையேறி சினிமாப் பாட்டு வாசிப்பதாவது! சூடாமணியின் கணவர் முரளீதரன், கல்வி அலுவலகத்தில் குமாஸ்தா, அதிகம் பேசாதவர், அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்தார். "வாசிக்கட்டுமே. ஆத்துல டம்ளரைத் தட்டி நெளிக்கறதுக்கு அது தேவலை." நல்ல மனுஷன். அவருக்குக் கோயில் கட்டலாம்.

பதினோரு வருஷம் வாசித்தாள். ஒரு குறை மட்டும் முள் மாதிரி உள்ளே நின்றுவிட்டது. கச்சேரி நடுவில் அர்ஜுனன் குழுவினரை அறிமுகம் செய்வார். பாடுகிறவர்களுக்கு ஊர், பேர், பட்டம் எல்லாம் உண்டு. தபலா, கிடார் எல்லாருக்கும் பேர் உண்டு. இவள் முறை வந்தால், "கீபோர்டில் நம்ம மாமி!" அவ்வளவுதான். ஒருமுறை வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்தாள்.

"என் பேரு சூடாமணி. ஒரு தரம் சொன்னா வாய் வலிக்குமா?"

"மாமின்னாதான் ஜனங்களுக்கு பச்சுனு ஒட்டிக்குது மாமி. எதுக்கு மாத்திக்கினு?" என்று சிரித்துவிட்டுப் போனார் அர்ஜுனன். அவள் கேட்டதை அவர் மறந்தே போனார். அவள் மறக்கவில்லை.

1997இல் அந்தப் பெட்டி வந்தது. சிங்கப்பூரில் இருந்த மைத்துனர் ப்ரஹ்லாத் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பு இரும்புப் பெட்டி, இரண்டு தடிப் புத்தகத்தை அடுக்கிய உயரம், முன்பக்கம் சின்னத் திரை, நாலைந்து பொத்தான். கட்டை ஒன்றுகூடக் கிடையாது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "கட்டையே இல்லாம எதைம்மா வாசிப்பே?" என்றார்கள். சூடாமணி பழைய கீபோர்டிலிருந்து ஒரு கேபிளை இழுத்து அதில் செருகிக் கட்டையை அழுத்தினாள். ஐம்பது வயலின் ஒரே மூச்சில் வாசிப்பது போல வீடு நிறைந்தது. முரளீதரன் படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். கைக்கு கீபோர்டு, சத்தத்துக்கு மாட்யூல், விஷயம் அவ்வளவுதான்.

அந்த மாட்யூல் அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதன் மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே நாலு காலி இடங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு பொருத்தலாம். ஒவ்வொரு போர்டிலும் இருநூறு முந்நூறு புதுச் சத்தங்கள். இருப்புக் கொள்ளாத ஒருத்தியின் கையில் நாலு காலி இடத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? ராத்திரி படுத்தால் அந்த நாலு இடமும் கண்ணுக்குள் வந்து நின்றன. ரிச்சி தெருவில் செகண்ட்ஹாண்டாக ஒன்று, ப்ரஹ்லாத் மூலம் இரண்டு, ஆர்க்கெஸ்ட்ராவை இழுத்து மூடிய ஒருவரிடம் ஒன்று என்று ஒன்றரை வருஷத்தில் நாலையும் நிரப்பினாள். நிரப்பிவிட்டுச் சும்மா இருந்தாளா? ஐந்தாவதாக ஒன்றை வாங்கினாள்!

ஐந்தாவதில்தான் அவள் உயிரே இருந்தது. அதில் ஷெனாய் என்று ஒரு சத்தம். அதைக் கொஞ்சம் கூர்மையாக்கி, கொஞ்சம் மூச்சைச் சேர்த்து, மூன்று மாதம் மல்லுக்கட்டி அதை நாதஸ்வரமாக மாற்றிவிட்டாள். நிஜ நாதஸ்வரக்காரர்களே இரண்டு நிமிஷம் ஏமாந்தார்கள்.

ஐந்து போர்டு, நாலு இடம். ஆகவே ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் திருப்புளியும் கையுமாக உட்காருவாள். வரவேற்பு என்றால் ஒன்று உள்ளே, கோயில் என்றால் வேறொன்று உள்ளே. ஐந்தாவதை வெளியே எடுத்தால் எங்கே வைப்பது? வாங்கும்போது அது சாம்பல் நிறத்தில் பளபளக்கும் ஒரு கவரில் வந்தது. அழுக்கு, நுனி கிழிசல், ஏதோ எண்ணெய்க் கறை வேறு. சீ என்று அதைக் குப்பையில் எறிந்தாள். அந்த வீட்டில் மதிப்பான பொருள் எதுவும் வெறுமனே இருந்ததில்லை. பூஜையறையான பெருமாள் உள்ளில் சாளக்ராமம் பட்டில் இருந்தது. மாமனாரின் ஓலைச்சுவடி பட்டில் இருந்தது. வெள்ளிப் பாத்திரம் பட்டில் இருந்தது. சூடாமணி தன் கூறைப்புடவையிலிருந்து நல்லதாக ஒரு துண்டு வெட்டினாள், மாம்பழ நிறம், அரக்கு ஓரம், அதில் ஐந்தாவது போர்டைச் சுற்றி அலமாரியில் வைத்தாள். வைத்ததோடு விடுவாளா? ஒரு நாளைக்கு நாலு தரம் எடுத்துப் பிரித்துப் பார்ப்பாள், தூசி இல்லாத இடத்தில் தூசி துடைப்பாள், மறுபடி சுற்றுவாள்.

1999 பங்குனிக் கடைசியில் வடபழனியிலிருந்து ஒரு அழைப்பு. கலியாணசுந்தரம் என்பவர் பக்திப் பாடல் கேசட் கம்பெனி நடத்தினார். ஒரு கல்யாணத்தில் இவள் வாசித்ததைக் கேட்டிருந்தார். வைகாசி கருட சேவைக்குள் வரதர் மேல் எட்டுப் பாட்டு கேசட்டாக வரவேண்டும். மெட்டும் அவளே போடவேண்டும். வாத்தியக்காரர் கூட்டம் வேண்டாம், பெட்டியிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும், நாதஸ்வரம் உள்பட. தாளத்துக்கு மட்டும் ஒரு ஆளைக் கூட்டி வரலாம்.

"பேர் எப்படிப் போடுவேள்?" என்று கேட்டாள் சூடாமணி.

"வேற எப்படிம்மா? இசை: சூடாமணி. அட்டையில பெருசா போடுறோம்."

அன்றைக்கு அவள் ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். முரளீதரன் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். பதினைந்து நாளில் எட்டு மெட்டும் போட்டு, மாதிரிக் கேசட் அனுப்பி, பிரமாதம் என்று பதிலும் வந்துவிட்டது. ரிக்கார்டிங் சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. தாளத்துக்கு அருளைச் சொல்லியிருந்தாள். அருள் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறவன். திருப்புட்குழிக்காரன், முப்பத்து மூன்று வயசு, இரண்டு பெண் குழந்தைகள், கொஞ்சம் நிலம். ஸ்டூடியோ என்றால் அவனுக்கும் அதுதான் முதல் தடவை. "மாமி, சட்டை எந்தக் கலர்ல போட்டுக்கினு வர்றது?" என்று நாளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. காற்றில் ஈரம் பேருக்குக்கூட இல்லை. பாலாற்று மணல் பொரிந்துகொண்டிருந்தது. அலமாரியிலிருந்து பட்டை எடுத்து உதறினால் சடசடவென்று சத்தம் வரும், விரல் நுனியில் சுருக்கென்று குத்தும். 'அசல் பட்டு, அதான்' என்று சூடாமணி பெருமைப்பட்டுக்கொண்டாள். ஐயோ, அந்தப் பெருமையை என்னவென்று சொல்வது!

ரிக்கார்டிங்குக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, செவிலிமேட்டில் அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரி. அவசரம் அவசரமாகப் பட்டைப் பிரித்து ஐந்தாவது போர்டை மாட்யூலில் பொருத்தினாள். ஒருமுறை வாசித்துப் பார்க்க நேரமில்லை. வழக்கம் போல அருள் பெட்டியைத் தன் டிவிஎஸ் வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு போனான். அவள் டவுன் பஸ்ஸில் போனாள்.

சாயங்காலம் ஏழு மணி. கூட்டம் தெரு முனை வரைக்கும். முதல் பாட்டு அம்மன் பாட்டு, நாதஸ்வரத்தில்தான் ஆரம்பம். சூடாமணி கட்டையை அழுத்தினாள். வாணலியில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் கடுகு. பிறகு அதுவும் நின்றது. மாட்யூலின் திரையைப் பார்த்தாள். அந்த இடத்தில் போர்டே இல்லை என்று காட்டியது.

வெள்ளிக்கிழமை, அட்டை, பேர், எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து போயிற்று. எதிரே மைக் உயிரோடு இருப்பதுகூட உறைக்காமல் கத்தினாள்.

"அருள்! என்ன பண்ணே பெட்டியை? எங்கே போட்டே?"

செவிலிமேடு பூராவும் கேட்டது. ஒலிபெருக்கியில் கேட்டது.

அருளின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் போடல மாமி... வர்ற வழியில ஒரு பள்ளம். வண்டி லேசா எறங்கிச்சி. அவ்ளோதான்."

"லேசா! இப்போ ஒத்துக்கறியே! வெள்ளிக்கிழமை நான் எதை வெச்சுண்டு வாசிப்பேன்? என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டியே!"

கச்சேரியை எப்படியோ ஒப்பேற்றினார்கள். அடுத்த நாள் அர்ஜுனன் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு நீ வரவேண்டாம் என்று அருளிடம் சொல்லிவிட்டார். இத்தனை பேர் காதில் விழுந்த பிறகு அவனை மேடையில் வைத்துக்கொள்ள அவருக்குக் கூச்சம்.

சூடாமணி எஸ்டிடி பூத்துக்கு ஓடினாள். போர்டு போய்விட்டது, தாளக்காரன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டான் என்று கலியாணசுந்தரத்திடம் ஒப்பித்தாள்.

"உங்க தப்பு இல்லையேம்மா," என்றார் அவர். "அடுத்த வெள்ளிக்குத் தள்ளி வெச்சுக்கலாம். அதே போர்டை நான் வாடகைக்கு எடுத்து வெக்கிறேன். ஆனா அந்த ஆளு வேணாம். பொருளைப் போட்டு உடைக்கிறவனை ஸ்டூடியோவுக்குள்ள விடமாட்டேன்."

சரி என்றாள். சரி என்று சொல்லும்போது ஏதோ உறுத்தியது. ஆனாலும் சொன்னாள்; அவளுக்கு வேண்டியது அந்த வெள்ளிக்கிழமை.

மூன்றாம் நாள், ஒருவேளை பிழைக்குமோ என்ற நப்பாசையில் போர்டைப் பட்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ராஜவேலு கடைக்குப் போனாள். ராஜவேலு டிவி ரிப்பேர்காரர், கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி மாட்டியவர். அவள் மேஜையில் பட்டைப் பிரித்தாள். சடசடவென்றது. ராஜவேலு நிமிர்ந்து பார்த்தார்.

"மாமி, இத்த எதுல வெச்சிருந்தீங்க?"

"இதோ, இதுலதான். அசல் பட்டு."

"இதோட ஒரு சாம்பல் கலர் பை வந்திருக்குமே?"

"அழுக்கா இருந்துது. தூக்கிப் போட்டுட்டேன்."

ராஜவேலு பூதக்கண்ணாடியை மேலே தள்ளினார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து அந்தப் பட்டில் நாலு தேய்ப்புத் தேய்த்தார். மேஜையில் கிடந்த காகிதத் துணுக்குகளுக்கு மேல் காட்டினார். துணுக்குகள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டிக்கொண்டன.

"கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியால தேய்ச்சான்னு ஒம்பதாங் கிளாஸ்ல படிச்சிருப்பீங்களே மாமி. அதேதான். பட்டுல மின்சாரம் ஏறிக்கினு, நீங்க தொடத் தொட இந்தச் சில்லுல அடிச்சிருக்குது. மனுசனுக்குச் சுருக்குங்கும், அவ்ளோதான். இதுக்கு அது இடி. அந்த அழுக்குப் பைதான் இதுக்குக் காவல்."

"கீழே விழுந்து கெட்டது இல்லையா?" என்றாள் சூடாமணி.

"விழுந்த பொருளுக்கு மூலையில அடி தெரியும், ஈயம் வெச்சுப் பத்த வெச்ச எடம் விரிஞ்சிருக்கும். ஒரு கீறலும் இல்ல பாருங்க. இது பட்டாலதான் செத்துது."

ஒன்பதாம் வகுப்பில் அந்தக் கேள்விக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியவள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரே பட்டு நெய்கிற ஊர்; தொட்டதெல்லாம் பட்டு; அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? அப்படி ஒரு சமாதானம் மனசுக்குள் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. பட்டை யாரும் சந்தேகப்படாமல் இருக்கலாம். ஒரு மனுஷனை அவள் நிமிஷத்தில் சந்தேகப்பட்டாளே!

அப்படியே திருப்புட்குழி பஸ்ஸில் ஏறினாள். அருள் வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி சத்யப்ரியா நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவரு இல்ல மாமி. ஸ்ரீபெரும்புதூர்ல லோடு ஏத்துற வேலைக்குப் போய்க்கினு இருக்காரு."

"அருள் மேல தப்பே இல்லைம்மா," என்றாள் சூடாமணி, மூச்சு விடாமல். "அவன் கீழே போடலை. நான்தான் கெடுத்தேன். பட்டுல சுத்தி வெச்சு நான்தான் கெடுத்தேன்."

சத்யப்ரியாவின் கண் நிறைந்துவிட்டது.

"கீழ போடலன்னு அவரு ஒரு தபா கூட என்னாண்ட சொல்லல மாமி. மாமி சொன்னா சரியாத்தான் இருக்கும், அந்தப் பள்ளத்துல நான்தான் கெடுத்துட்டேன், அவங்க பேரு வர்ற நேரத்துல பாழ் பண்ணிட்டேன்னு அழுதுக்கினு இருக்காரு. மூணு நாளா சோறு எறங்கல அவருக்கு."

சூடாமணியால் அங்கே நிற்க முடியவில்லை. கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

காஞ்சிபுரம் வந்து எஸ்டிடி பூத்துக்குள் நின்றாள். நம்பரைப் பாதி வரை அழுத்திவிட்டு வைத்தாள். மறுபடி அழுத்தினாள், மறுபடி வைத்தாள். வாயை மூடிக்கொண்டு அடுத்த வெள்ளியைத் தாண்டிவிட்டால் போதும், அட்டை அச்சாகிவிடும், அப்புறம் அருளிடம் காலில் விழுந்துகூட மன்னிப்புக் கேட்கலாம். யாருக்கும் தெரியாது. ராஜவேலு வாயே திறக்க மாட்டார். வெளியே ஒருத்தர் கண்ணாடிக் கதவைத் தட்டி, "எவ்ளோ நேரம்மா?" என்றார். அவள் நம்பரை முழுக்க அழுத்தினாள்.

"சார், காஞ்சிபுரம் சூடாமணி பேசறேன். அருள் பெட்டியைக் கீழே போடலை. போர்டை நான்தான் பட்டுத்துணில சுத்தி வெச்சுக் கெடுத்தேன்."

அந்தப் பக்கம் வெடிச் சிரிப்பு. "பட்டுலயா? டேய், இங்க வாங்கடா! காஞ்சிபுரத்து அம்மா போர்டுக்குப் புடவை கட்டி வெச்சிருக்காங்க!" யார் யாரோ சிரித்தார்கள். அவள் காதிலிருந்து ரிசீவரை எடுக்கவில்லை. சிரித்து முடித்துக் கலியாணசுந்தரம் இறங்கிய குரலில் பேசினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. வாடகைப் போர்டை உங்க கையில குடுத்துட்டு நான் நிம்மதியா இருக்க முடியுமா? மெட்டெல்லாம் அருமை. அதை வெச்சுக்கறோம். நம்ம ஸ்டூடியோ ஆள் ஒருத்தன் இருக்கான், அவன் பண்ணிடட்டும்."

"பேர்?"

"பண்றவன் பேருதானேம்மா போடணும்."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள். "மெட்டை எடுத்துக்கோங்கோ. ஆனா தாளம் அருள்தான் வாசிக்கணும். அவன் பேரை அட்டையில போடணும். இல்லேன்னா என் மெட்டுல ஒண்ணையும் தொடப்படாது."

"அட, அவன் பேருல என்னம்மா இருக்கு? போட்டுட்டாப் போச்சு," என்றார் அவர்.

பூத்தை விட்டு நேராக அர்ஜுனன் வீட்டுக்குப் போனாள். அவரிடமும் சொன்னாள். அடுத்த கச்சேரியில் மைக்கை அவளே வாங்கி, கூட்டத்தின் முன்னாலும் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். அருள் மேடைக்குத் திரும்பி வந்தான். போனில் பேசிய பேரத்தை மட்டும் அவள் அவனிடம் மூச்சுவிடவில்லை. உடம்பு சரியில்லை, நீ போய் வாசித்துவிட்டு வா என்று அனுப்பினாள். அந்த வெள்ளிக்கிழமை பூராவும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். முரளீதரன் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வைகாசியில் கருட சேவை. விடிந்ததிலிருந்து ஊரில் கால் வைக்க இடமில்லை. சன்னதித் தெருக் கடைகளில் அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போட்ட மெட்டு, யாரோ போட்ட நாதஸ்வரம். கூட்டத்தை இடித்துக்கொண்டு அருள் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். வியர்த்து வழிந்த சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினான்.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். இசை என்ற இடத்தில் அவளுக்குத் தெரியாத ஒரு பேர். கீழே: 'தாளம்: திருப்புட்குழி அருள்.' கண்ணை உறுத்தியது. வலித்தது. இல்லை என்று பொய் சொல்ல அவளுக்கு வராது.

"ஊர்ப் பேரோட போட்டிருக்கான். ரொம்ப நன்னாயிருக்கு," என்றாள்.

"ஒடம்பு சரியில்லன்னு ஏன் மாமி பொய் சொன்னீங்க?" என்றான் அருள். "ஸ்டூடியோவுல எல்லாத்தையும் சிரிச்சிக்கினே சொன்னாங்க. போன்ல நீங்க இன்னா பேசினீங்கன்னு ஒரு வார்த்தை விடாம சொன்னாங்க. அங்க உங்களுக்குப் பட்டு மாமின்னு பேரு வெச்சிட்டாங்க மாமி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுகையும் வந்துவிட்டது.

அருள் தலையைக் குனிந்துகொண்டான். "அவங்க சிரிச்சப்பவே குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு எழுந்து வந்திருக்கணும். வரல மாமி. எட்டுப் பாட்டும் வாசிச்சிட்டுத்தான் வந்தேன். எனக்கும் பேரு வரணும்னு இருந்திச்சி."

சூடாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ எழுந்து வந்திருந்தேன்னா, ஆயுசுக்கும் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன் நான்," என்றாள். கதவைத் திறந்து விட்டாள். "உள்ளே வா. நாலாவது பாட்டுல தாளத்தை நீ எங்கே எடுத்தேன்னு கேக்கணும் எனக்கு."